வேலிக்குக் கீழே

சென்ற ஆண்டின் இரண்டாந் தவணையில் எமது பாடசாலை விஞ்ஞான ஆசிரியர், பத்தாம் வகுப்பு மாணவரைத் தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தல்களிற் கொண்டுவரச் செய்து, அவற்றை ஆய்வுகூடம் ஒன்றிற்குப் பரிசோதனைக்காக அனுப்பியிருந்தார். முடிவுகள் வந்த அன்று அவர் விடுப்பில் நின்றார். அவரது பாடவேளையை நிரப்பத் தமிழாசிரியனாகிய நான் சென்றேன். முடிவுத் தாள்கள் மாணவர் கைகளில் இருந்தன. வழமையாக வகுப்பில் வாய் திறவாத பையன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், எங்கட கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று ஐம்பதுக்கு மேல எண்டு போட்டிருக்கு. தோட்டத்துக்கு யூரியா போடுறது எங்கட அப்பாதான். தங்கச்சிக்குப் பால்மா கரைக்கிறதும் அந்தத் தண்ணியிலதான். அப்ப அப்பா செய்யிறது பிழையா, சேர்?"

ஆண்டுதோறும் அறநூல்களைக் கற்பிப்பவன் நான். எனினும், அக்கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. "அப்பா வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. தங்கச்சிக்குக் குடுக்கிற தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுக்கச் சொல்லு" என்று கூறி அவனை இருத்தினேன். வகுப்பு அடங்கியது. எனது மனமும் அடங்கியது.

மறுநாள் விஞ்ஞான ஆசிரியரிடம் இதனைச் சொன்னபோது அவருடைய முகம் மாறியது. கொதிக்க வைத்தாற் கிருமிகள் சாகும். நைத்திரேற்று சாவதுமில்லை, ஆவியாகிப் போவதுமில்லை. நீர் வற்ற வற்ற எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும் என்றார் அவர். நான் நல்லெண்ணத்தோடு கூறிய அறிவுரை, அக்குழந்தைக்கு ஊட்டப்படும் நஞ்சின் செறிவைக் கூட்டுவதற்கான அறிவுரையாக இருந்தது. அன்று மாலையே அப்பையனின் வீட்டைத் தேடிச் சைக்கிளில் சென்றேன். செல்லும் வழியெல்லாம் அவனுடைய கேள்வி என்னுடைய கேள்வியாக மாறிக்கொண்டு வந்தது. வேண்டுமென்று செய்யாதது பிழையாகுமா? எல்லோரும் சிறிது சிறிதாகச் செய்த தீங்கிற்கு யார் பொறுப்பு? இவ்விரு வினாக்களையுமே வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் எமது நிலத்தின் இயல்பை நினைவு கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழையே எமது செல்வம் முழுவதும். அம்மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளாலும் துவாரங்களாலும் கீழிறங்கி, கனங் கூடிய உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கீரிமலையில் கடலோரத்திற் பீறிடும் நன்னீரும் புத்தூர் நிலாவரைக் கிணற்றின் ஆழமும் இச்சுண்ணாம்புப் பாறையின் உள்ளே நீர் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றது என்பதற்குச் சான்றுகள். மணலினூடாக ஊறும் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்படும். பாறைப் பிளவினூடாக ஓடும் நீருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. மேலே எதை ஊற்றுகின்றோமோ அது விரைவிற் கீழே போய்ச் சேரும். கீழே சேர்ந்தது பக்கத்துக் கிணற்றுக்கும் போகும்.

தோட்டத்திற்கு இடும் யூரியாவில் பயிர் உண்டது போக எஞ்சிய நைதரசன், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாற்றப்பட்டு, நீரிற் கரைந்து கீழிறங்குகின்றது. மாட்டெருவிலிருந்தும் அவ்வாறே இறங்குகின்றது. எமது மலசலகூடக் குழிகளிலிருந்தும் அவ்வாறே இறங்குகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிந்து பயிராகும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டிவிட்டனர்.

வளர்ந்தவரின் உடல் இதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றது. போத்திற் பாலுண்ணும் சிசு தாங்குவதில்லை. அதிலும் பிறந்து மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கே ஆபத்து அதிகம். நைத்திரேற்று உடலினுள் நைத்திரைற்றாக மாறுகின்றது. அது குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பின் தன்மையை மாற்றி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அதனிடமிருந்து பறித்துவிடுகின்றது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. வயிற்றோட்டமும் உடன் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கமக்காரர் வீட்டுக் கிணற்று நீரிற் பால் கரைத்து ஊட்டப்பட்ட சிசுக்களிடம் கோம்லி என்ற வைத்தியர் இதனை அவதானித்து எழுதினார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் வழியாகவே ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்ற எல்லையை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

இனி முதலாவது வினாவுக்கு வருவோம்.

எமது பழைய அறவியல், தீமையை அதன் செய்வோனைக் கொண்டும் அவனது நினைவைக் கொண்டும் அளந்தது. ஊர்க் கிணற்றில் நஞ்சு கலந்தவன் என்றால் எவரும் அவனைப் பழிப்பர். அவனுக்கு முகமுண்டு, நோக்கமுண்டு, குற்றம் நிகழ்ந்த நேரமுமுண்டு. நீரைப் பற்றி எமது முன்னோர் சிந்திக்காமலில்லை. கடவுள் வாழ்த்துக்கு அடுத்து வள்ளுவர் வைத்தது மழையின் சிறப்பையே. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையும் நீர்நிலை பெருக்குமாறே அமைகின்றது. ஆயின், அவர்கள் கண்ட அறம் நீரின் இருப்பைப் பற்றியது. இல்லாமை என்ற கண்ணுக்குப் புலப்படும் துன்பத்தைப் பற்றியது. தெளிந்து, குளிர்ந்து, இனித்து, நிறைந்திருக்கும் நீரே தீங்காக இருக்கக்கூடும் என்ற நிலைமைக்கு அவர்கள் அறம் வகுக்கவில்லை. அவ்வாறு வகுக்க அவர்களுக்குத் தேவை இருக்கவுமில்லை. அது எமது காலத்தின் தேவை. எனவே எமது காலத்தின் கடன்.

நல்லெண்ணம் போதுமானதா என்பதற்கு வங்காளதேசம் ஒரு பெரும் பாடம். குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வயிற்றோட்டத்தினாற் பிள்ளைகள் மாண்டுகொண்டிருந்த அந்நாட்டில், 1970களிலிருந்து அரசும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் பிறரும் குழாய்க் கிணறுகளைப் பரப்பினர். கிருமியற்ற நீர் கிடைத்தது. பெரு நன்மை விளைந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால், நிலத்தடியில் இயற்கையாகவே இருந்த ஆசனிக்கு அந்நீரிற் கரைந்திருந்தது. 1993இல் அது கண்டறியப்பட்ட வேளையில் கோடிக்கணக்கான மக்கள் அந்நீரைப் பருகி வந்தனர். தோலிற் கறுப்புப் புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றின; புற்றுநோய்களும் பின்தொடர்ந்தன. கிணறு தோண்டியவர் எவரிடத்தும் தீய நினைவு இல்லை. அவர்கள் கிருமியைத் தேடினர், ஆசனிக்கைத் தேடவில்லை.

இதிலிருந்து நல்லெண்ணம் பயனற்றது என்ற முடிவுக்கு வருதல் தவறு. நல்லெண்ணத்தோடு ஆராய்ந்தறியும் கடமையும் ஒட்டிப் பிறக்கின்றது என்பதே சரியான முடிவாகும். பிறர் உடலுக்குள் செல்லும் ஒன்றைத் தருபவன், அதனுள் என்ன இருக்கின்றது என்று கேட்காமல் தருவானாயின், "எனக்குத் தெரியாது" என்ற சொல் ஒரு முறைதான் அவனைக் காக்கும். தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாமை இரண்டாம் முறை குற்றமாகிவிடுகின்றது. வகுப்பில் நான் கூறிய மொழியை இவ்வளவுகோலைக் கொண்டே நான் அளந்து பார்க்கின்றேன். எனக்குத் தெரியாதிருந்தது பிழையன்று. தெரியாததைத் தெரிந்தவன் போற் கூறியது பிழை.

இரண்டாவது வினா இதனினும் கடினமானது. ஒருவன் தன் தோட்டத்திற்கு இட்ட யூரியாவினால் மட்டும் கிணறு கெட்டுவிடுவதில்லை. ஒரு வீட்டுக் குழியினால் மட்டும் ஊர் நீர் கெட்டுவிடுவதில்லை. ஒவ்வொருவனும் "எனது பங்கு அற்பம், நான் நிறுத்தினால் மட்டும் நீர் நல்லதாகிவிடுமா?" என்று கேட்பானாயின் அவன் சொல்வது கணக்கிற் பொய்யன்று. ஆயினும், ஒவ்வொரு பங்கும் உண்மையிலேயே ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லாதவற்றைக் கூட்டி ஐம்பது எவ்வாறு வந்தது? சிசுவின் நீலம் பாரித்த உதடு உண்மையானால், அதிற் சேர்ந்த ஒவ்வொரு பங்கும் உண்மையே. சிறிதாயிருத்தல் வேறு, இல்லாதிருத்தல் வேறு. சுண்டு அரிசியிற் குறைத்து அளக்கும் வணிகன் ஒவ்வொரு முறையும் எடுப்பது சில மணிகளே. அதனால் அவன் களவு செய்யவில்லை என்று நாம் கூறுவதில்லையே.

குற்றவாளி ஒருவன் தெளிவாகத் தெரிகின்ற இடமும் உண்டு. சுன்னாகத்தில் அனல் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். 2015ஆம் ஆண்டளவில் அது குடாநாடெங்கும் பெருங் கிளர்ச்சியாயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்துதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடு செலுத்துக என்ற கோட்பாடு எமது மண்ணின் கிணறுகளுக்காக எழுத்தில் நிலைநாட்டப்பட்டமை பொதுமக்கள் பெற்ற வெற்றியாகும். அதனை எவரும் குறைத்து மதிக்கலாகாது.

ஆனால், அவ்வெற்றியில் ஓர் ஆறுதலும் மறைந்திருக்கின்றது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது, செய்தவன் நம்மவன் அல்லன். ஆகவே நாம் வீதிக்கு இறங்கினோம். நைத்திரேற்று கண்ணுக்குத் தெரிவதில்லை, செய்தவர் நாமே. ஆகவே நாம் வீட்டில் இருந்துவிட்டோம். பிறன் குற்றத்திற் பேரொலி எழுப்பித் தன் பங்கில் மௌனம் காக்கும் ஒழுக்கத்தை முற்போக்கு எண்ணமுடையோரும் ஏற்றுக்கொள்வரா?

அப்படியாயின் அப்பையனின் தகப்பன் குற்றவாளியா? அல்லன் என்றே கூறுவேன். இங்குதான் குற்றம், பொறுப்பு என்ற இரு சொற்களையும் பிரித்து நோக்குதல் இன்றியமையாதது. யூரியாச் சாக்கை அவர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நெற்செய்கைக்கென 1962இல் தொடங்கிய பசளை மானியமும், உத்தியோகத்தரின் அறிவுரையும், வணிகரின் விளம்பரமும் இரசாயனப் பசளையைக் கமத்தின் பொது வழக்காக்கின. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, தோட்டக்காரரின் வாழ்வு உயர்ந்தது. நிலத்திலிருந்து கூடுதலாக எடுப்பதே கெட்டித்தனம் எனப் பாராட்டப்பட்டது. பின்னர் சந்தை திறக்கப்பட்டு விலை விழுந்தபோது, அதே நிலத்திலிருந்து இன்னும் கூடுதலாக எடுத்தாலன்றிக் கடனைக் கட்ட இயலாது என்றாயிற்று. சாக்கை விற்றவன், அதில் எவ்வளவு பயிருக்குப் போகும், எவ்வளவு கிணற்றுக்குப் போகும் என்று அவருக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களும் போதிய அளவு சொன்னதில்லை. அறியாமையிலும் கடனிலும் நிறுத்தப்பட்ட ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நீதியன்று.

இந்நீதியின்மை எவ்வாறு முடியும் என்பதை 2021இல் நாடே கண்டது. உடல்நலத்தின் பெயராலும் மண்வளத்தின் பெயராலும் இரசாயனப் பசளை இறக்குமதி ஏறத்தாழ ஓரிரவில் நிறுத்தப்பட்டது. மாற்றுப் பசளை போதிய அளவு இருக்கவில்லை, பயிற்சி இருக்கவில்லை, இழப்பைத் தாங்கும் நிதியும் இருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை கைவிடப்பட்டது. நோக்கம் உயர்ந்ததாயினும், அதன் சுமை முழுவதையும் ஏழைத் தோளொன்றில் ஏற்றிய காரணத்தால் அந்நோக்கமே மக்கள் மனத்தில் இழிவுபட்டது. இன்று நீரைக் காக்கப் பசளையைக் குறையுங்கள் என்று எவர் கூறினும், "மீண்டும் அதே கதையா?" என்று கமக்காரன் ஐயுறுகின்றான். அவனைக் குறை கூற இயலாது.

எனவே தகப்பன் குற்றவாளி அல்லர், பொறுப்பாளிகளில் ஒருவர். குற்றம் பின்னோக்கிப் பார்க்கின்றது. யாரைத் தண்டிக்கலாம் என்று கேட்கின்றது. பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கின்றது. இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கின்றது. குற்றம் ஒருவன் தலையில் விழுந்தால் மற்றவர்கள் விடுதலை பெறுகின்றனர். பொறுப்போ அவ்வாறு தீர்ந்துபோவதில்லை. அறிவும் அதிகாரமும் செல்வமும் யாரிடத்துக் கூடுதலாக உண்டோ, அவரிடத்துக் கூடுதலாகவும், மற்றவரிடத்து அவரவர் அளவிலும் அது தங்குகின்றது.

ஐம்பது என்ற அந்த எண்ணையும் சிறிது ஆராய்வோம். நாற்பத்தொன்பது அமுதம், ஐம்பத்தொன்று நஞ்சு என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லை என்பது அறிவும் எச்சரிக்கையும் பணமும் கூடி எடுக்கும் தீர்மானம். ஆசனிக்கிற்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், வங்காளதேசம் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை 0.05. அந்நாட்டு மக்களின் ஈரல் மற்றவர் ஈரலினும் ஐந்து மடங்கு வலியது என்பது இதன் பொருளன்று. கைக்கெட்டிய எல்லை அதுவே என்பதுதான் பொருள். எண்ணின் பின்னால் ஏழ்மை நிற்கின்றது. அதனால், எண்ணை நிபுணரிடம் மட்டும் விட்டுவிடுதல் கூடாது. சில அறிக்கைகள் நைத்திரேற்றை நைதரசனாகக் கணக்கிட்டுக் காட்டும். அவ்வாறு காட்டும்போது ஐம்பது ஏறத்தாழப் பதினொன்றாகத் தோன்றும். இது தெரியாதவன் கையில் அறிக்கை கொடுத்தும் பயனில்லை. அவனுக்கு விளங்கும் மொழியில் விளக்குவதும் பொதுச் சுகாதாரத்தின் ஒரு பகுதியே. தமிழ் கற்றவர்களுக்கு இத்துறையில் வேலை இல்லை என்று யார் சொன்னது?

ஆயினும், அந்த ஐம்பதில் ஒரு பேரறம் பொதிந்திருக்கின்றது என்பதையும் கூறல் வேண்டும். அவ்வெல்லை, தோட்டத்தில் இறைக்கும் திடகாத்திரனை வைத்து வகுக்கப்படவில்லை. போத்திற் பாலுண்ணும் சிசுவை வைத்தே வகுக்கப்பட்டது. ஊரில் மிகவும் வலுவற்ற உயிர் எதைத் தாங்குமோ, அதுவே ஊர் முழுவதற்குமான அளவு. ஏனைய துறைகளில் நாம் இதற்கு நேர்மாறாகவே நடந்து வருகின்றோம். கல்வியிலும் காணியிலும் கடனிலும் வலியவனுக்கு ஏற்றவாறு அளவை வைத்து, மெலியவனை அதற்குள் அடங்கு என்கின்றோம். ஒரு கிணற்றுக்கு விதித்த இந்த அளவுகோலைச் சமுதாயம் முழுவதற்கும் விதித்தால் என்ன என்று கேட்பது எனக்கு அளவு மீறிய ஆசையாகத் தோன்றவில்லை.

எமது கிணறுகளின் வரலாற்றிற் கசப்பான இன்னோர் அத்தியாயமுண்டு. நீரின் தூய்மையைப் பற்றி எம்மவர் கவலைப்படாதவர் அல்லர். அளவுக்கு மிஞ்சியே கவலைப்பட்டனர். உழைத்துக் களைத்த மனிதன் ஒருவன் வாளியைத் தொட்டால் கிணறு தீட்டுப்பட்டுவிடும் என்றனர். அவனும் அவன் பெண்டு பிள்ளைகளும் கிணற்றடிக்கு அப்பால் குடத்தோடு காத்து நின்று, பிறர் இரங்கி வார்த்த நீரைப் பெற்றுச் சென்ற காலம் வெகு தூரத்தில் இல்லை. சாதியின் பெயராற் பொது வாழ்வில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்க 1957இற் சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னரும், 1966 ஒக்டோபரில் அதே சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது.

தொட்டவன் கையிலிருந்து எந்த நஞ்சும் நீரிற் சேரவில்லை. தொடவிடாதவன் தோட்டத்திலிருந்தும் குழியிலிருந்தும் சேர்ந்தது. இல்லாத அழுக்கை விரட்டுவதற்குக் காவல் நின்ற சமுதாயம், இருக்கும் அழுக்கை வாயில் வழியே வரவேற்றது. தீட்டு என்பது மனிதரைப் பிரிக்கும் பொய். மாசு என்பது மனிதரைப் பிரித்துப் பாராத உண்மை. மேலே எத்தனை கிணறுகள் கட்டி எத்தனை சாதிக்குப் பங்கிட்டாலும் கீழே நீர் ஒன்றே. ஆயினும், தீங்கின் பயன் மட்டும் இன்றும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வசதியுள்ளவன் வடிகட்டும் இயந்திரம் வைத்திருக்கின்றான், அல்லது போத்தல் நீர் வாங்குகின்றான். ஒரு துண்டு நிலத்தில் வீடும் கிணறும் மலசலகூடமும் நெருங்கி நிற்கக் குடியிருப்பவன் தன் கிணற்றையே குடிக்கின்றான்.

குழாய் நீர் வந்துவிட்டால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்பாரும் உளர். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணர்வது பற்றி எழுந்த பிணக்கில், கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயலுக்கு நீர் குன்றும் என்று அஞ்சியதை நாம் அறிவோம். பின்னர், 2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. சிசுக்களைக் காக்க இத்தகைய வழிகள் வேண்டும்; அவற்றை வரவேற்கின்றோம். ஆனால், எமது நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டு அயலூரான் நீரையோ, பெரும் பொருட்செலவில் நன்னீராக்கும் கடலின் நீரையோ நாடுவது அறத்திற்கு மாற்றாகாது. குழாய் திறந்ததும் கிணறு மறக்கப்படுமாயின், நாம் நோயை மாற்றவில்லை. நோயாளியைக் கைவிட்டோம் என்பதே பொருள்.

செய்யத்தக்கன எவை? கிணறுகளைக் காலந்தோறும் பரிசோதித்து, முடிவைக் கிணற்றுச் சொந்தக்காரனின் கையில் விளங்கும் தமிழிற் கொடுத்தல் அரசின் கடன். அளவு மிஞ்சிய வீடுகளிற் பாலூட்டும் தாய்க்கு ஊக்கமும், போத்திற் பாலுண்ணும் சிசுவுக்கு நல்ல நீரும் கிடைக்கச் செய்தல் சுகாதாரத் துறையின் கடன். கொதிக்க வைப்பதும் குளோரீன் இடுவதும் கிருமிக்கன்றி நைத்திரேற்றுக்கு மருந்தாகா என்பதை ஒவ்வொரு தாயும் அறியச் செய்தல் ஆசிரியர் உட்படக் கற்றவர் அனைவரதும் கடன். மண்ணைப் பரிசோதித்து, பயிருக்கு வேண்டியதை வேண்டிய பருவத்திற் பிரித்து இடுமாறு கமக்காரனுக்குத் துணை நிற்றலும், அதனால் விளைச்சல் குறைந்தால் அவனைத் தாங்குதலும் விவசாயத் துறையின் கடன். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. எல்லாம் தெரிந்தவையே. தெரிந்ததற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள தூரமே எமது ஒழுக்கத்தின் உண்மையான அளவு.

இதற்கு வேண்டிய மரபு எம்மிடத்து இல்லாமலில்லை. பழைய காணி உறுதிகளைப் பார்த்தவர்கள், கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் எவ்வளவு நுணுக்கமாக அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை அறிவர். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பங்கு பிரித்து, இறைப்புக்கு முறை வைத்து, ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் ஆண்டன. நீரைப் பங்கிட்டு எடுக்கத் தெரிந்த மக்கள் நாம். எடுப்பதற்கு மட்டும் பங்கு எழுதினோம். காப்பதற்குப் பங்கு எழுதவில்லை. அந்த உறுதியில் விடுபட்ட வரியை இனி நாம் எழுதவேண்டும்.

என்னைப் பற்றிய ஒரு செய்தியோடு இதனை முடிக்கின்றேன். பிறருக்கு அறம் கூறியவன் அதனை மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது, மலசலகூடக் குழியை எமது கிணற்றுக்கு எவ்வளவு தூரமாக வைக்கலாமோ அவ்வளவு தூரமாக, காணியின் மூலையில், வேலியோரம் வெட்டுவித்தேன். அதனைச் சுகாதார அறிவு என்றே அன்று எண்ணினேன். வேலிக்கு அப்பால், சில அடி தூரத்தில், அயல் வீட்டாரின் கிணறு இருந்தது. எம்மவர் ஒரு முழ வேலிக்காக நீதிமன்றம் ஏறுவர். கதியாலை அரையடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறைக்குப் பேசாதிருப்பர். வேலிக்கு மேலே நடப்பவற்றில் அத்துணை விழிப்பாயிருக்கும் நாம், வேலிக்குக் கீழே நடப்பதை நினைத்தும் பார்ப்பதில்லை.

அப்பையனின் வீட்டிலிருந்து திரும்பிய கிழமை, அயல் வீட்டுக்குச் சென்று, அங்குள்ள மூதாட்டியிடம் இதனைச் சொன்னேன். குழியை மூடிவிட்டு, அடியும் பக்கமும் சீமெந்து பூசிய தொட்டி கட்டப்போவதாகவும் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "தம்பி, அப்ப எங்கட குழி ஆற்றை கிணத்தடியில கிடக்கு?" என்று கேட்டார். இருவருமாக அவருடைய பின்வளவுக்கு நடந்து சென்று பார்த்தோம். அது அடுத்த வேலியோரம் இருந்தது.

தொட்டி இப்பொழுது கட்டியாயிற்று. நிறைந்ததும் அதனை அகற்ற வண்டி வரும். அவ்வண்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றது என்பதைச் சென்ற மாதம் பிரதேச சபையிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கின்றேன். கடிதத்தில் அயல் வீட்டு மூதாட்டியும், அவருக்கு அடுத்த வீட்டாரும், அந்தப் பையனின் தகப்பனும் கையொப்பமிட்டிருக்கின்றனர். விடை இன்னும் வரவில்லை. வரும்வரை கேட்பதாக நால்வரும் முடிவு செய்துள்ளோம்.